பேராசிரியர் பீட்டர் டிபை

2006-ஆம் வருஷத் தொடக்கத்தில் ஹாலந்து தேசத்தில் ஒரு விசித்திரமான வழக்கு எழுந்தது. குற்றஞ்சாட்டப்பட்டவர் இறந்து ஏறக்குறைய 40 வருஷங்கள் ஆகியிருந்தன. நீதிமன்றமும் இல்லை, வக்கீலும் இல்லை. ஆயினும் தண்டனை மாத்திரம் விரைவாகவே விதிக்கப்பட்டது. உத்ரெக்ட் நகரத்துச் சர்வகலாசாலை, தன் ஆராய்ச்சி நிலையம் ஒன்றின் பெயரிலிருந்து அவருடைய பெயரை நீக்கியது. அவர் பிறந்த ஊராகிய மாஸ்ட்ரிக்டின் சர்வகலாசாலை, அவர் பெயரால் அளித்துவந்த பரிசை நிறுத்திவைத்தது. 1938-ஆம் வருஷத்தில் ஹிட்லரின் ஜெர்மனியில் அவர் கையெழுத்திட்ட ஒரு கடிதமே இதற்குக் காரணம். அவர் பெயர் பீட்டர் டிபை.

அவ்வழக்கில் வாதித்தோரும் எதிர்வாதித்தோரும் கடிதத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினார்கள். அம் மனிதர் உலகத்துக்கு அளித்தது இன்னதென்று கூறியவர் அவர்களுள் வெகு சிலரே. ஒருவருடைய பெயர் ஒரு கட்டடத்தின்மேல் இருக்கலாமா, கூடாதா என்று தீர்ப்பதற்குமுன் அப்பெயர் அங்கே ஏன் ஏறிற்று என்பதை அறிந்துகொள்வது முறையன்றோ? ஆதலின் இரண்டையும் ஒருங்கே சொல்ல விரும்புகிறோம்.

டிபை 1884-ஆம் வருஷம் மார்ச்சு மாதம் 24-ஆம் தேதி மாஸ்ட்ரிக்டில் பிறந்தார். தந்தை ஓர் உலோகப் பட்டறையில் மேஸ்திரி. தாய் நாடகக் கொட்டகையில் டிக்கெட்டு விற்கும் வேலை பார்த்தவர். வீட்டில் செல்வம் இல்லை. பள்ளிக்கூடத்தில் பிள்ளை கணிதத்திலும் பௌதிகத்திலும் முதன்மையாக விளங்கினான். எனினும் அவன் படித்த பள்ளியில் லத்தீனும் கிரேக்கமும் கற்பிக்கப்படவில்லை. அவ்விரு மொழிகளும் அறியாதவன் ஹாலந்தின் சர்வகலாசாலைகளில் பட்டம் பெற இயலாது என்பது அக்காலத்துச் சட்டம். வழக்கொழிந்த மொழி ஒன்றின் இலக்கணத்தைக் காவலாக நிறுத்திக் கல்வியின் கதவை அடைப்பது ஒரு தேசத்துக்கே உரிய மூடத்தனம் அன்று. அந்தக் கதவு அடைபட்டதனால் டிபை எல்லையைத் தாண்டினார். சுமார் 30 கிலோமீட்டர் தூரத்தில் ஜெர்மனியின் ஆகன் நகரம் இருந்தது. அங்கேயிருந்த தொழிற்கல்லூரியில் 1901-இல் சேர்ந்தார். 1905-இல் மின்சார எஞ்சினீயராகத் தேர்ந்தார்.

ஆகனில் அவருக்குக் கிடைத்த பெரும் பேறு ஸாமர்பெல்ட் என்னும் ஆசிரியர். ஸாமர்பெல்ட் 1906-இல் மியூனிக் சர்வகலாசாலைக்குச் சென்றபோது இந்த இளைஞரைத் தமக்கு உதவியாளராக உடன் அழைத்துச் சென்றார். 1908-இல் டிபை டாக்டர் பட்டம் பெற்றார். 1911-இல் ஜூரிச் சர்வகலாசாலையில் ஐன்ஸ்டைன் விட்டுச் சென்ற ஆசனம் இவருக்குக் கிடைத்தது. அப்பொழுது வயது 27.

ஜூரிச்சில் இருந்த சிறிது காலத்திலேதான் அவருடைய பெயரை நிலைநாட்டிய எண்ணம் பிறந்தது. அதனைச் சற்று விரிவாகவே கூறவேண்டும்.

இரண்டு உலோகத் தகடுகளை எதிரெதிரே நிறுத்தி மின்சாரம் ஊட்டினால், அவை ஒரு குறிப்பிட்ட அளவு மின்சாரத்தைத் தாங்கும். இடையே உள்ள வெற்றிடத்தில் ஏதேனும் ஒரு மின்காப்புப் பொருளை நிரப்பினால் தாங்கும் அளவு அதிகப்படும். பாரடே என்னும் ஆங்கில விஞ்ஞானி இதனை 1830-களிலேயே ஆராய்ந்தார். பென்ஸீன் என்னும் திரவத்தை நிரப்பினால் சுமார் 2.3 மடங்கு. சுத்தமான நீரை நிரப்பினாலோ சுமார் 80 மடங்கு. மாக்ஸ்வெல் வகுத்த விதியின்படி, இந்த எண் அப்பொருளின் ஒளிவிலகல் எண்ணின் வர்க்கத்துக்குச் சமமாக இருத்தல் வேண்டும். பென்ஸீனுக்கு விதி நன்கு பொருந்துகிறது. நீரின் ஒளிவிலகல் எண் 1.33; அதன் வர்க்கம் 1.8-ஐயும் எட்டாது. இருக்கவேண்டியது இரண்டுக்கும் குறைவு, இருப்பதோ எண்பது. சிறு பிழை என்று தள்ளிவிடக்கூடிய வித்தியாசமன்று இது. மேலும் நீரைச் சூடேற்ற ஏற்ற அந்த எண் குறைந்துகொண்டே வருகிறது. பென்ஸீனிலோ அவ்வாறு பெருமாற்றம் காணப்படுவதில்லை. பழைய கொள்கையின்படி இதற்கு விடை கிடையாது.

பழைய கொள்கை யாதெனில், மூலக்கூறுகளில் உள்ள மின்சாரம், தகடுகள் இழுக்கும்போது மாத்திரம் சற்றே இடம் பெயர்கிறது. இழுப்பு நின்றால் மீண்டுவிடுகிறது என்பது. டிபை அதனுடன் ஒன்றைச் சேர்த்தார். சில மூலக்கூறுகளில் ஒருபுறம் தன மின்சாரமும், அதாவது நேர் மின்சாரமும், மற்றொரு புறம் ருண மின்சாரமும் எவரும் இழுக்காமலே நிரந்தரமாகப் பிரிந்து நிற்கின்றன என்றார். திசைகாட்டியின் ஊசி வடக்கு நோக்கித் திரும்புவது போல, இத்தகைய மூலக்கூறுகள் தகடுகளின் இழுப்பை நோக்கித் திரும்ப முயல்கின்றன. உஷ்ணத்தினால் உண்டாகும் ஓயாத மோதல் அவற்றை ஒழுங்காக நிற்கவிடாமல் கலைக்கிறது. உஷ்ணம் ஏறினால் கலைப்பு மிகும், எண் குறையும். காந்தப் பொருள்களுக்கு லாஞ்ஜெவின் என்னும் பிரெஞ்சு விஞ்ஞானி 1905-இல் வகுத்திருந்த கணிதத்தையே டிபை மின்சாரத்துக்குப் பொருத்தினார். 1912-இல் வெளிவந்த அக்கட்டுரை மிகச் சிறியது.

அதிலிருந்து ஒரு வழி பிறந்தது. பல உஷ்ணநிலைகளில் அளந்து கோடு வரைந்தால், உஷ்ணத்தோடு மாறும் பகுதி வேறு, மாறாத பகுதி வேறு என்று பிரிந்துவிடும். மாறாத பகுதி பழைய கொள்கை கூறிய தற்காலிகப் பெயர்ச்சி. மாறும் பகுதியோ மூலக்கூறு தன்னிடத்தே நிரந்தரமாக வைத்திருக்கும் பிரிவினை. பிரிந்து நிற்கும் மின்சாரத்தின் அளவை, பிரிந்த தூரத்தால் பெருக்கினால் வரும் எண்ணை இருமுனைத் திருப்புத்திறன் என்பர். அதனை அளக்கும் அலகுக்கு இன்று டிபை என்றே பெயர். ஓர் எலெக்ட்ரானின் மின்சாரம் ஒரு சென்டிமீட்டரில் பத்துக் கோடியில் ஒரு பங்கு தூரம் விலகினால் அது 4.8 டிபை ஆகும். கண்ணுக்கோ எந்த பூதக்கண்ணாடிக்கோ அக்காலத்தில் எட்டாத மூலக்கூறின் உள்ளமைப்பை, இரண்டு தகடுகளையும் ஒரு உஷ்ணமானியையும் கொண்டு வெளியே நின்று அறியும் உபாயம் இது.

மின்சாரம் ஏன் பிரிகிறது? இரண்டு அணுக்கள் எலெக்ட்ரான்களைப் பங்கிட்டுக்கொண்டு இணைகின்றன. இரண்டும் ஒரே இனமாயின் பங்கீடு சமம். வெவ்வேறு இனமாயின் எலெக்ட்ரானை அதிகம் கவரும் அணு தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். பாலிங் என்னும் அமெரிக்க விஞ்ஞானி 1932-இல் இக்கவர்ச்சிக்கு ஒரு வரிசை வகுத்தார். அதில் ப்ளூரின் தலையாயது. அடுத்துப் பிராணவாயுவாகிய ஆக்ஸிஜன். கரியும் ஹைட்ரஜனும் மிகவும் கீழே. ஹைட்ரஜனும் குளோரினும் சேர்ந்த அமில வாயுவை எடுத்துக்கொள்வோம். குளோரின் எலெக்ட்ரானை முழுவதும் பறித்துக்கொண்டிருந்தால் அளவு சுமார் 6 டிபை இருத்தல் வேண்டும். அளந்து கண்டதோ 1.08. ஆகவே அங்கே நடப்பது முழுப் பறிப்பும் அன்று, சமப் பங்கீடும் அன்று; சுமார் ஆறில் ஒரு பங்கு சாய்வு.

இரண்டே அணுக்கள் உள்ளவிடத்துச் சாய்வு இருந்தால் மூலக்கூறு முனைவுடையது என்று சொல்லி முடித்துவிடலாம். மூன்றாவது அணு வந்து சேர்ந்தவுடன் காரியம் மாறிவிடுகிறது. கரியமில வாயுவில் ஒரு கரி அணுவும் இரண்டு பிராணவாயு அணுக்களும் உள்ளன. ஒவ்வொரு பிணைப்பிலும் பிராணவாயு எலெக்ட்ரான்களை வலுவாக இழுக்கிறது. பிணைப்புக்களை மாத்திரம் பார்ப்பவர் இம் மூலக்கூறு மிக்க முனைவுடையது என்றே சாதிப்பார். அளந்து பார்த்தால் திருப்புத்திறன் சூன்யம். ஏனெனில் மூன்று அணுக்களும் ஒரே நேர்க்கோட்டில் நிற்கின்றன. வலப்புற இழுப்பும் இடப்புற இழுப்பும் சமமாகவும் நேர் எதிராகவும் இருந்து ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. இழுப்பு இல்லாமல் இல்லை. மொத்தத்தில் மிச்சம் இல்லை.

நீரிலும் மூன்றே அணுக்கள்தாம்; நடுவே பிராணவாயு, இருபுறமும் ஹைட்ரஜன். அதுவும் நேர்க்கோடாக இருந்திருந்தால் திருப்புத்திறன் சூன்யமாகவே இருக்கும். அளந்து கண்டது 1.85 டிபை. இந்த ஒற்றை எண்ணைக் கொண்டே நீரின் மூலக்கூறு வளைந்தது என்று துணிந்து கூறிவிடலாம். அதன் கோணம் 104.5 டிகிரி என்பது பிற ஆராய்ச்சிகளால் உறுதியாயிற்று. ஒவ்வொரு பிணைப்பின் பங்கும் சுமார் 1.5 டிபை என்று வைத்து, அக்கோணத்தில் இரண்டையும் கூட்டினால் 1.85-க்கு மிக நெருங்கி வருகிறது. இவ்வளைவு இல்லையேல் கடலும் இல்லை, மழையும் இல்லை என்று சொல்வது மிகையாகத் தோன்றலாம். நீரின் மூலக்கூறெடை 18. கரியமில வாயுவின் எடை 44. கனத்தது வாயுவாகப் பறக்க, இலேசானது திரவமாகத் தங்கி 100 டிகிரி உஷ்ணத்திலேதான் கொதிக்கிறது. நீரின் மூலக்கூறுகள் ஹைட்ரஜன் வழியாக ஒன்றையொன்று விசேஷமாகப் பற்றிக்கொள்வதே இதற்குத் தலையாய காரணம். அப்பற்றுதல் வளைந்த வடிவத்தினின்றும் சாய்ந்த பிணைப்பினின்றும் வருவது.

நான்கு அணுக்கள் சேர்ந்தால் வேடிக்கை இன்னும் வளர்கிறது. போரானும் மூன்று ப்ளூரின்களும் சேர்ந்த பொருள் தட்டையான முக்கோணம். ப்ளூரினை விடக் கடுமையாக இழுக்கும் அணு வேறில்லை; இருந்தும் மூன்று இழுப்பும் சமமாகச் சூழ்ந்து நிற்பதால் மிச்சம் சூன்யம். அம்மோனியாவில் நைட்ரஜனும் மூன்று ஹைட்ரஜன்களும். அது தட்டையாக இல்லை. மூன்று கால் முக்காலியைப் போல நைட்ரஜன் மேலே தூக்கி நிற்கிறது. அதன் அளவு 1.47 டிபை. இனி அந்த மூன்று ஹைட்ரஜன்களையும் எடுத்துவிட்டு மூன்று ப்ளூரின்களை வைப்போம். முக்காலி வடிவம் மாறவில்லை; இழுப்போ பலமாயிற்று. ஆதலின் அளவு பெருகும் என்றே எவரும் எதிர்பார்ப்பர். அளந்தால் வெறும் 0.23.

இதற்குக் காரணம் நைட்ரஜனின் தலைமேல் எவரோடும் பங்கிடப்படாமல் நிற்கும் ஓர் எலெக்ட்ரான் ஜோடி. அம்மோனியாவில் நைட்ரஜனே எலெக்ட்ரான்களைத் தன்பால் இழுக்கிறது. ஆகவே மூன்று பிணைப்புக்களின் சாய்வும் தலைமேலுள்ள ஜோடியின் சாய்வும் ஒரே பக்கமாகச் சேர்ந்து கூடுகின்றன. மற்றதில் ப்ளூரின்கள் கீழ்நோக்கி இழுக்க, ஜோடி மேல்நோக்கி நிற்க, இரண்டும் எதிராகி ஏறக்குறைய அழிந்துவிடுகின்றன. பிணைப்பை அறிந்தால் போதாது, வடிவத்தை அறிந்தாலும் போதாது, பங்கிடப்படாது ஒதுங்கி நிற்பதையும் கணக்கில் சேர்த்தல் வேண்டும் என்பதற்கு இதனைவிட நல்ல உதாரணம் எமக்குத் தெரியவில்லை.

கரி அணு ஒன்றைச் சூழ நான்கு குளோரின் அணுக்கள் நிற்கும் திரவம் ஒன்றுண்டு. துணிகளில் எண்ணெய்க் கறை போக்க அதனை முன்னாளில் பயன்படுத்தினர். அதன் விஷத்தன்மை தெரிந்தபின் கைவிட்டனர். அதில் நான்கு பிணைப்புக்களும் சாய்ந்தவையே. நான்கும் நான்முகியின் மூலைகளை நோக்குவதால் மொத்தம் சூன்யம். அதிலிருந்து ஒரு குளோரினை எடுத்து ஒரு ஹைட்ரஜனை வைத்தால் அது வைத்தியர்கள் ஒரு காலத்தில் மயக்கமருந்தாகக் கொடுத்த குளோரோபாரம். சமநிலை குலைந்து சுமார் 1 டிபை தோன்றுகிறது. பென்ஸீனின் அறுகோணத்திலும் அப்படியே. இரண்டு குளோரின்களை எதிரெதிர் மூலைகளில் வைத்தால் சூன்யம். ஒரு மூலை விட்டு வைத்தால் சுமார் 1.7, அடுத்தடுத்து வைத்தால் சுமார் 2.5. அணுக்களின் எண்ணிக்கை மூன்றிலும் ஒன்றே. ரஸாயனிகள் நெடுங்காலம் யுக்தியால் ஊகித்து வந்த அறுகோணத்தை, தகடுகளின் நடுவே வைத்து அளந்த எண்கள் மெய்ப்பித்துக் காட்டின.

உப்பு நீரில் கரைவதும் எண்ணெய் நீரில் கலவாது மிதப்பதும் இக்கணக்கில் அடங்குவன. நீரின் மூலக்கூறுகள் தம் ருணப் பக்கத்தைத் தன அயனிக்கும் தனப் பக்கத்தை ருண அயனிக்கும் காட்டிச் சூழ்ந்துகொண்டு உப்பின் கட்டைக் குலைக்கின்றன. எண்ணெயின் நீண்ட கரிச்சங்கிலிகளில் அவை பிடித்துக்கொள்ளக் குறிப்பிடத்தக்க முனைவு இல்லை. இக்காலத்து வீடுகளில் உள்ள மைக்ரோவேவ் அடுப்பும் டிபையின் சிந்தனைக்குக் கடன்பட்டதே. முனைவுள்ள மூலக்கூறு, திசை மாறும் மின்புலத்தைத் தொடர்ந்து திரும்புகையில் சற்றுப் பின்தங்குகிறது என்றும், அந்தத் தாமதத்தில் சக்தி உஷ்ணமாகிறது என்றும் அவர் முன்னரே கணக்கிட்டிருந்தார். அவ்வடுப்பில் புலம் ஒரு விநாடிக்கு 245 கோடி முறை அலைகிறது. உணவிலுள்ள நீர் அதனைத் துரத்தித் துரத்திச் சூடாகிறது.

டிபை ஓரிடத்தில் நிலைத்து இருந்தவரல்லர். 1912-இல் உத்ரெக்ட், 1914-இல் கோட்டிங்கன், 1920-இல் மீண்டும் ஜூரிச், 1927-இல் லைப்ஜிக். சென்ற இடமெல்லாம் ஒரு புது வழியை விட்டுச் சென்றார். கோட்டிங்கனில் ஷெரருடன் சேர்ந்து, பொடியாக அரைத்த பொருளின்மீது எக்ஸ் கிரணங்களைப் பாய்ச்சி அதன் அமைப்பைக் காணும் முறையை 1916-இல் கண்டார். ஜூரிச்சில் ஹ்யூக்கெலுடன் சேர்ந்து, உப்புக் கரைசலில் அயனிகள் நடந்துகொள்ளும் விதத்துக்கு 1923-இல் கணிதம் வகுத்தார். லைப்ஜிக்கில், மேற்கூறிய நான்கு குளோரின் பொருளின் ஆவியில் எக்ஸ் கிரணங்களைச் செலுத்தி அணுக்களின் இடைத்தூரத்தையே அளந்தார். இங்ஙனம் ஒருபுறம் சாய்வின் அளவு, மறுபுறம் வடிவத்தின் அளவு என்று இரண்டு சாட்சிகள் அவர் கையில் வந்து சேர்ந்தன. முனைவுள்ள மூலக்கூறுகளைப் பற்றி அவர் இயற்றிய நூல் 1929-இல் வெளிவந்தது. 1932-இல் அமெரிக்காவில் ஸியர்ஸ் என்பவருடன் சேர்ந்து, திரவத்தில் செல்லும் நுண்ணொலி அலைகள் ஒளியைச் சிதறவைப்பதைக் கண்டார். அதற்கு முழு விளக்கம் கூறியவர்கள் பெங்களூரில் இருந்த, திருச்சிராப்பள்ளியிற் பிறந்த சி. வி. ராமனும் நாகேந்திரநாதும் ஆவர். 1936-ஆம் வருஷத்து ரஸாயன நோபெல் பரிசு டிபைக்குக் கிடைத்தது. பௌதிக ஆசிரியரான ஒருவருக்கு ரஸாயனப் பரிசு கிடைத்தது அக்காலத்தில் சிலருக்கு வியப்பாக இருந்திருக்கலாம். மூலக்கூறை அறிந்தவருக்கு வியப்பு இராது.

இனி அந்தக் கடிதத்துக்கு வருவோம்.

ஹிட்லர் 1933-இல் அதிகாரத்துக்கு வந்தார். யூதர்களான பேராசிரியர்கள் பதவிகளினின்றும் துரத்தப்பட்டனர். ஐன்ஸ்டைன் அவ்வருஷமே ஜெர்மனியைக் கைவிட்டார். டிபை ஜெர்மானியருமல்லர், யூதருமல்லர். போகவேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. போகக்கூடிய வசதியோ எவரையும்விட மிகுதியாக இருந்தது. எந்த நாடும் அவரை வரவேற்றிருக்கும். அவர் தங்கினார். தங்கியதோடு நில்லாமல், ராக்பெல்லர் ஸ்தாபனத்தின் பணத்தால் பெர்லினில் எழும்பிய புதிய பௌதிக ஆராய்ச்சி நிலையத்துக்குத் தலைவராகவும் சென்றார். தம் டச்சுப் பிரஜா உரிமையை விடாமலே அப்பதவியை ஏற்றார் என்பதையும் சொல்லவேண்டும். நிலையத்துக்கு மாக்ஸ் பிளாங்கின் பெயரைச் சூட்டினார். 1937-இல் ஜெர்மன் பௌதிகச் சங்கத்தின் அக்கிராசனர் ஆனார்.

1938 மார்ச்சில் ஹிட்லர் ஆஸ்திரியாவை விழுங்கினார். பெர்லினில் அணு ஆராய்ச்சி செய்துவந்த லிஸே மைட்னர் என்னும் மாது ஆஸ்திரியப் பிரஜை, யூத வம்சத்தவர். அவருடைய பாஸ்போர்ட்டு ஒரே நாளில் செல்லாக் காசாயிற்று. வெளியேறவும் சர்க்கார் அனுமதி இல்லை. ஹாலந்திலிருந்து டிர்க் காஸ்டர் என்னும் பேராசிரியர் இரகசியமாகப் பெர்லினுக்கு வந்தார். டிபையின் வீட்டில் தங்கினார். வேண்டிய செய்திகளைக் குறிப்பாக எழுதி அவரை வரச்செய்தவர்களுள் டிபை முக்கியமானவர். ஜூலை மாதம் 13-ஆம் தேதி காஸ்டர் அந்த அம்மையாரை ரயிலில் எல்லை தாண்டி அழைத்துச் சென்றார். அகப்பட்டிருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்று நாம் விவரிக்க வேண்டுவதில்லை. அவ்வருஷ முடிவிலேயே, யுரேனியம் அணு பிளக்கும் விதத்தை விளக்கியவர் இந்த மைட்னரே.

அதே வருஷம் நவம்பரில் ஜெர்மனி முழுவதும் யூதர்களின் ஆலயங்கள் தீக்கிரையாயின, கடைகள் நொறுக்கப்பட்டன. ஒரு மாதம் சென்றது. டிசம்பர் 9-ஆம் தேதியிட்டு, பௌதிகச் சங்கத்தின் அக்கிராசனர் என்ற ஹோதாவில் டிபை அங்கத்தினர்களுக்கு ஒரு சுற்றுக்கடிதம் விடுத்தார். நிலவும் நிர்ப்பந்தமான சூழ்நிலையில் யூதர்களான ஜெர்மானியர் சங்கத்தில் நீடிக்க இயலாதென்றும், அத்தகையோர் தாமே விலகிக்கொள்ள வேண்டுமென்றும் அதில் கண்டிருந்தது. கீழே ஹிட்லருக்கு வாழ்த்து, அதன்கீழ்க் கையெழுத்து.

அவருக்காகப் பேசுவோர் கூறுவன பொய்யல்ல. ஏனைய பல சங்கங்கள் முன்னரே அவ்வாறு செய்துவிட்டன. சர்க்காரின் நெருக்குதல் மிகுதியாக இருந்தது. சங்கத்தில் யூதர் மிகச் சிலரே எஞ்சியிருந்தனர். அந்த வாழ்த்து உத்தியோகக் கடிதங்களில் எங்கும் எழுதப்பட்டதே. இவை யாவும் உண்மை. ஆயினும் அந்தச் சிலருள் ஒருவர் வீட்டில் கடிதத்தைப் பிரித்துப் படித்திருப்பாரல்லவா? தம் சாஸ்திரத்தின் பெரியவர் என்று பல்லாண்டு மதித்த ஒருவரின் கையெழுத்தை அவர் அடியில் கண்டிருப்பார். அக்கிராசனத்தை ராஜிநாமாச் செய்யும் வழி டிபைக்குத் திறந்தே இருந்தது. சிறைக்குப் போக வேண்டியதில்லை. நாற்காலியை விட்டு எழுந்தால் போதும். அவர் எழவில்லை. இது தவறு என்பதே நமது அபிப்பிராயம். மைட்னருக்கு அவர் செய்த உதவியை ஒருபுறம் வைத்து, கடிதத்தை மறுபுறம் வைத்துக் கழித்துச் சூன்யம் காட்ட முயல்வோருடனும் நாம் சேரவில்லை. கரியமில வாயுவுக்குச் செல்லும் அந்தக் கணக்கு இங்கே செல்லாது. அந்த அம்மையார் பிழைத்ததும் மெய்; அக்கடிதம் சென்றதும் மெய்.

1939 செப்டம்பரில் யுத்தம் மூண்டது. ராணுவம் யுரேனியம் ஆராய்ச்சிக்காக டிபையின் நிலையத்தைக் கைப்பற்றியது. ஜெர்மன் பிரஜையாக வேண்டும், அல்லது தலைமையை விட்டு வீட்டில் அமர்ந்து நூல் எழுத வேண்டும் என்று அவருக்குத் தெரிவிக்கப்பட்டது. பிரஜையாக அவர் சம்மதிக்கவில்லை. இம்முறை எழுந்தார். 1940 ஜனவரியில் புறப்பட்டு அமெரிக்கா சென்று கார்னெல் சர்வகலாசாலையில் பிரசங்கங்கள் நிகழ்த்தினார். ஆனால் பெர்லின் பதவியை ராஜிநாமாச் செய்யவில்லை. விடுமுறை பெற்றுச் சென்றவராகவே இருந்தார். மகள் பெர்லினில் தங்கியிருந்தாள். எந்தக் காரணம் முன்னின்றது, எது பின்னின்றது என்பதை அவரவர் ஊகத்துக்கு விடுகிறோம்.

தம் நிலையத்தை ராணுவம் எடுத்துக்கொண்ட செய்தியை அவர் அமெரிக்கர்களிடம் கூறினார். அது அங்கே சிலருக்குக் கலக்கத்தை உண்டாக்கியது. அவரைப் பற்றியும் கலக்கம் இருந்தது. ஐன்ஸ்டைன் அவரிடம் ஐயங்கொண்டு கார்னெலுக்கு எச்சரிக்கை எழுதினார். சர்க்காரின் துப்பறிவோர் விசாரித்தனர். முடிவில் அவருக்குத் தடை ஏதும் ஏற்படவில்லை. 1940 முதல் 1950 வரை கார்னெலின் ரஸாயனப் பகுதிக்குத் தலைவராக இருந்தார். யுத்தகாலத்தில் செயற்கை ரப்பர் ஆராய்ச்சியில் ஈடுபட்டு, கரைசலில் ஒளி சிதறுவதைக் கொண்டு பெரு மூலக்கூறுகளின் எடையை அளக்கும் முறையை வகுத்தார். 1946-இல் அமெரிக்கப் பிரஜையானார். 1966 நவம்பர் 2-ஆம் தேதி கார்னெல் இருக்கும் இதாக்கா நகரில் காலமானார். வயது 82.

2006-இல் எழுந்த வழக்கு பின்னர் நிதானம் பெற்றது. ஹாலந்தின் யுத்தகால ஆவண நிலையத்தைச் சேர்ந்த சரித்திராசிரியர் ஐக்ஹோப் விரிவாக ஆராய்ந்து 2007-இல் ஓர் அறிக்கை வெளியிட்டார். டிபை நாஜிக் கட்சிக்காரரல்லர், ஆனால் சமயத்துக்கேற்ப வளைந்துகொடுத்து இரு பக்கமும் கதவைத் திறந்துவைத்திருந்தவர் என்பது அதன் சாரம். டெர்லாவ் என்பவரின் தலைமையில் அமைந்த குழு 2008-இல் வேறு முடிவுக்கு வந்தது. அவர் தீய எண்ணத்துடன் நடந்தார் என்பதற்குச் சான்றில்லை, பெயரை வைத்துக்கொள்ளலாம் என்றது. உத்ரெக்ட் சர்வகலாசாலை அதனை ஏற்று ஆராய்ச்சி நிலையத்துக்கு அவருடைய பெயரையே மீண்டும் வழங்கியது. பெயர் நீங்கியிருந்த அந்த இரண்டு வருஷங்களிலும், பாடப்புத்தகங்களில் நீருக்கு நேரே 1.85 என்றும் அதன் பக்கத்தில் டிபை என்றும் அச்சாகிக்கொண்டே இருந்தது.